புதுப்பித்தலின் அறம்

பினாங்கின் சூலியா தெருவில் மாலை வேளையில் நடந்து செல்வோர் ஓர் உண்மையைக் கண்ணாற் காணலாம். பழமை என்பது அங்கே பூட்டி வைத்த பொருள் அன்று, உழைத்துக்கொண்டிருக்கும் பொருள். 1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் அமைத்த நகரின் மிகப் பழைய தெருக்களுள் அதுவும் ஒன்று. சோழமண்டலக் கரையிலிருந்து கடல் கடந்து வந்த தமிழ் முஸ்லிம்களைக் குறித்த பெயரை அது இன்றும் தாங்கி நிற்கிறது. நாகூர் ஆண்டவர் நினைவாக எழுந்த சிறிய தர்கா அத்தெருவில் உள்ளது. சற்றே நடந்தால் 1801ஆம் ஆண்டில் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைக் காணலாம். இன்னும் சற்று நடந்தால் 1833ஆம் ஆண்டில் எழுந்த மகாமாரியம்மன் கோயில் வரும். இவற்றிற்கு இடையே வரிசை வரிசையாகப் பழங்கடை வீடுகள். ஒன்றில் பயணியர் விடுதி, மற்றொன்றில் பழைய புத்தகக் கடை, வேறொன்றில் உணவகம். முன்னோர் எழுப்பிய சுவர்களுக்குள் இன்றைய வாழ்க்கை நடந்துகொண்டிருக்கிறது.

2008ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. அதன் பின்னர் இவ்வீடுகளைப் பழுதுபார்க்கும் முறை பற்றிப் பலரும் பேசலாயினர். அப்பேச்சில் நான் கற்ற பாடம் ஒன்று உண்டு. பழைய செங்கற்சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே பொருந்தும். அது சுவரின் ஈரத்தை வெளியேற விடும். வலிமை மிக்கது என்று எண்ணிச் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுக் கல்லை அரிக்கும், பூச்சும் உதிரும். வலியது எல்லாம் நல்லது அன்று, பொருந்துவதே நல்லது. இந்தப் பாடம் என் வீட்டுச் சிக்கல் ஒன்றுக்கும் விடையாக அமையும் என்று அப்பொழுது நான் எண்ணவில்லை.

சிக்கல் மிகச் சிறியது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது, பள்ளிகள் மூடப்பட்டன. வீட்டிலிருந்தே கற்க வேண்டிய நிலையில், என் தங்கை தன் இளைய மகனுக்காக ஒரு பழைய கணினியை வாங்கினாள். ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட மேசைக்கணினி அது. 2014ஆம் ஆண்டளவில் வெளிவந்த நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5 செயலி, 4 ஜிகாபைட் நினைவகம், சுழலும் வன்தட்டு. பாடம் படிக்க அது போதுமானதாக இருந்தது. 2024ஆம் ஆண்டில் பையன் நான்காம் படிவத்தை அடைந்தான். விளையாட்டுக்கு அது போதவில்லை என்றான். புதிய விளையாட்டுக் கணினி ஒன்றின் விலை 3,400 ரிங்கிட், தவணையில் தருவார்கள், முன்பணம் மட்டும் வேண்டும். தங்கை தன் வளையல்கள் இரண்டையும் அடகு வைக்கத் துணிந்துவிட்டாள். கணவனை இழந்து மின்னியல் தொழிற்சாலையில் உழைத்துப் பிள்ளைகளை வளர்ப்பவள் அவள். தாய்மாமன் என்ற முறையில் என்னிடம் ஒரு சொல் கேட்டாள்.

நான் சொன்ன சொல் நன்றாக இல்லை. “விளையாட்டுக்காகவா வளையலை அடகு வைப்பாய்?” என்றேன். பையனைப் பார்த்து, “இருப்பதைக்கொண்டு நிறைவு அடையக் கற்றுக்கொள்” என்றும் கூறினேன். அவன் என்னிடமே தமிழ் கற்றவன். தயங்காமல் விடை தந்தான்: “பழையவை மறைவதும் புதியவை வருவதும் குற்றமில்லை என்று நன்னூல் சொல்வதாக நீங்கள்தானே மாமா கற்பித்தீர்கள்?”

அவையில் அடிபட்ட புலவனைப்போல் நான் நின்றேன். பவணந்தியார் அதனைச் சொற்களைப் பற்றிச் சொன்னார் என்று வாதிட்டிருக்கலாம். காலம் என்னும் காரணத்தைச் சேர்த்தே அவர் சொன்னார்; ஆசை என்னும் காரணத்தைச் சேர்க்கவில்லை என்றும் கூறியிருக்கலாம். ஆயினும் என் சட்டைப் பையில் இருந்த கைப்பேசி என் வாயை அடைத்தது. அந்த நான்கு ஆண்டுகளில் நான் மாற்றிய இரண்டாவது கைப்பேசி அது. முன்னதில் பழுது எதுவும் இல்லை. மின்கலம் மட்டும் தளர்ந்திருந்தது. வசதி உள்ளவன் வசதி இல்லாதவனுக்குப் போதிக்கும் நிறைவுக்கு என்ன மதிப்பு உண்டு? தன் பையிலிருந்து தொடங்காத சிக்கனம் அறம் ஆகாது. அது அதிகாரம் மட்டுமே.

அன்றிரவு தங்கை வீட்டிலேயே தங்கினேன். முன்னறையில் பையன் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. சிங்கப்பூரில் வேலை செய்யும் அவன் அண்ணன் மறுமுனையில் இருந்தான். இருவரும் கணினியில் கால்பந்தாட்டம் ஆட முயன்றனர். படம் நின்று நின்று நகர்ந்தது. நின்ற இடைவெளிகளில் அண்ணன், “அம்மா மருந்து சாப்பிட்டாங்களா? பாட்டிக்குக் கால் வலி எப்படி?” என்று கேட்டான். தம்பி விடை சொன்னான். மீண்டும் பந்து நகர்ந்தது. அரைமணி நேரத்தில் கணினி அடியோடு நின்றுவிட்டது. “சரிடா, அடுத்த வாரம் பார்ப்போம்” என்ற குரலும் நின்றது.

விளையாட்டு வீண் என்று நான் கொண்டிருந்த எண்ணம் அங்கே உடைந்தது. இளைஞர் இருவர் தொலைபேசியில் எதிரெதிரே அமர்ந்து நலம் விசாரித்துக்கொள்ளமாட்டார்கள், கூச்சம் தடுக்கும். கையில் ஓர் ஆட்டம் இருந்தால் வாய் தானே திறக்கும். நம் முன்னோர் திண்ணையில் தாயமும் ஆடுபுலியும் ஆடியபொழுதும் காய்களை மட்டுமா நகர்த்தினார்கள்? ஊர்ச்செய்தியும் குடும்பக் கவலையும் அங்கேதான் பரிமாறப்பட்டன. ஆதலின் விளையாட்டுக்குச் செலவிடலாமா என்பது சரியான வினா அன்று. எந்த விளையாட்டுக்கு, எந்த அளவுக்கு, எவருடைய உழைப்பிலிருந்து என்பதே வினா.

மறுநாள் பையனும் நானும் கணினியைத் தூக்கிக்கொண்டு சூலியா தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் பழுதுபார்க்கும் பெரியவரிடம் சென்றோம். நாங்கள் ‘பாய்’ என்று அழைக்கும் அவர் அதிகம் பேசுபவர் அல்லர். பெட்டியைத் திறந்தார். நான்கு ஆண்டுத் தூசி விசிறியை மூடியிருந்தது. “எதை வாங்கலாம் என்று பிறகு பார்ப்போம், எது தடுக்கிறது என்று முதலில் பார்ப்போம்” என்றார். நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே மருந்து என்று வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் வகுத்த முறை இதுவன்றோ!

அவர் விளக்கியது இது. நினைவகம் சிறியதாக இருப்பதால் அது நிரம்பியவுடன் கணினி வன்தட்டை நாடுகிறது. வன்தட்டோ சுழலும் தகட்டின்மேல் ஊசிமுனை நகர்ந்து நகர்ந்து தேடுவது. அதன் வேகம் நினைவகத்தின் வேகத்திற்கு எவ்வகையிலும் ஈடாகாது. இதுவே முதல் தடை. காட்சிகளைத் தீட்டத் தனி வரைகலை அட்டை இல்லாமையால் செயலியே அந்த வேலையையும் செய்கிறது. அதற்காக ஏற்கனவே போதாத நினைவகத்திலும் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. இது இரண்டாம் தடை. தூசியாலும் காய்ந்துபோன வெப்பப் பசையாலும் செயலி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. இது மூன்றாம் தடை. செயலியில் குறை இல்லை. நான்கு கருக்கள் கொண்ட அது இன்னும் உழைக்கக் கூடியது.

பையன் ஒரு வரைகலை அட்டையின் பெயரைச் சொன்னான். 2021இல் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 3060. நண்பர்கள் அதனையே புகழ்ந்தார்களாம். பெரியவர் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். கணினியின் மின்வழங்கி தரக்கூடியது 240 வாட். செயலி கேட்பது 84 வாட். அவன் விரும்பும் அட்டை கேட்பது 170 வாட். இரண்டுமே 254 ஆகிவிட்டன. மற்ற உறுப்புகளைச் சேர்க்கவும் இல்லை. அதற்கு மாறாக, 2016இல் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ அட்டை 75 வாட்டில் இயங்கும். தாய்ப்பலகையின் செருகுவாயே அந்த மின்சாரத்தைத் தரும். 84உம் 75உம் 159. ஏனைய உறுப்புகளுக்கு 40 என்று கொண்டாலும் 199. மின்வழங்கிக்கு மூச்சுவிட இடம் இருக்கும்.

அந்தத் தாளைப் பார்த்தபொழுது எனக்குத் திருக்குறளின் ‘வலியறிதல்’ அதிகாரம் நினைவுக்கு வந்தது. மெல்லிய மயிலிறகையே ஆயினும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது அந்த அதிகாரத்தின் கருத்துகளுள் ஒன்று. வருவாய் சிறியதாக இருப்பினும் செலவு அதனை மீறாவிட்டால் கேடில்லை என்பதும் அதே அதிகாரத்தின் கருத்துதான். பல ஆண்டுகள் கற்பித்தும் இவ்விரு குறட்பாக்களும் ஏன் ஓர் அதிகாரத்தில் அமைந்தன என்று நான் மாணவர்க்கு விளக்கியதில்லை. அன்று விளங்கியது. பெட்டிக்குள் இருக்கும் மின்வழங்கியும் தங்கையின் மாத வருமானமும் ஒரே விதிக்கு உட்பட்டவை. இரண்டிலும் ஏற்றக்கூடிய சுமைக்கு ஓர் அளவு உண்டு. அந்த அளவைப் பெயரும் புகழும் மாற்றா.

செலவு இவ்வாறு முடிந்தது. இணையாகப் பொருத்தப் பழைய நினைவகத் துண்டுகள் இரண்டு, 90 ரிங்கிட். எஸ்எஸ்டி எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகம், 110. கைமாறிய வரைகலை அட்டை, 300. பசைக்கும் கூலிக்கும் 40. ஆக மொத்தம் 540 ரிங்கிட். சிங்கப்பூரிலிருந்து அண்ணன் 200 அனுப்பினான். வார இறுதிகளில் உணவுக்கடையில் உழைத்துச் சேர்த்த 150ஐத் தம்பி தந்தான். எஞ்சியதை நான் தந்தேன். வளையல்கள் கையிலேயே இருந்தன.

கணினியை வீட்டில் வைத்துத் தம்பி தானே ஒவ்வோர் உறுப்பாகப் பொருத்தினான். பெரியவர் அவனுக்கு அதைக் கற்றுத் தந்திருந்தார். என் தாயார் அருகில் வந்து அமர்ந்தார். பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப மண்டலம் 1972இல் தொடங்கியது. அவ்வாண்டில்தான் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைப் பினாங்கில் அமைத்தது. அடுத்தடுத்து வந்த பல தொழிற்சாலைகளுக்கு மலாய், சீன, தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்குச் சென்றனர். என் தாயாரும் அவர்களுள் ஒருவர். அக்காலத்தில் பாலம் இல்லை. 1985இல்தான் அது திறக்கப்பட்டது. அக்கரைத் தோட்டத்திலிருந்து விடியுமுன் புறப்பட்டுப் படகேறி வந்து, உருப்பெருக்கியில் கண்ணைப் பதித்து, முடியினும் மெல்லிய பொன்னிழைகளைச் சில்லுகளில் பிணைத்தவர் அவர்.

திறந்திருந்த பெட்டியைச் சற்று நேரம் பார்த்தார். “இந்தக் கறுப்புப் பூச்சிக்குள்ளதான் ஐயா நாங்க கம்பி கட்டினோம். ஒண்ணு தப்பினாலும் மேற்பார்வையாளர் திருப்பித் தந்துடுவார். கண்ணு போனது அதுலதான்” என்றார். பையன் கையிலிருந்த பழைய நினைவகத் துண்டை மெதுவாக மேசைமேல் வைத்தான். முன்னர் அவன் எதனையும் அவ்வாறு வைத்ததில்லை.

பொருளைப் பேணுதல் ஏன் அறம் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியவில்லை. நாம் விலை கொடுத்துவிட்டதால் ஒரு பொருள் நம்முடையது ஆகிவிடுகிறது என்று நினைக்கிறோம். சட்டப்படி அது சரி. ஆயினும் அதற்குள் அடங்கிய கண்ணொளியையும் உறக்கத்தையும் விலை முழுவதும் ஈடுசெய்வதில்லை. உழைக்கக்கூடிய பொருளைத் தூக்கி எறியும்பொழுது அதைச் செய்தவரின் உழைப்பையும் சேர்த்தே எறிகிறோம்.

எறிந்தவை எங்கே போகின்றன? 2022ஆம் ஆண்டில் உலகம் கழித்த மின்னியல் கழிவு 62 மில்லியன் டன் என்று ஐக்கிய நாட்டு அமைப்புகளின் 2024ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. அதில் முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே. இத்தகைய தீங்குடைய கழிவுகள் நாடுவிட்டு நாடு செல்வதைக் கட்டுப்படுத்த 1989இல் பேசல் உடன்படிக்கை உருவாயிற்று. நம் நாட்டிலும் 2005ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள் மின்னியல் கழிவைத் தனிக் குறியீட்டின்கீழ்ப் பட்டியலிட்டன. சட்டங்கள் வேண்டும். ஆயினும் கழிவு பிறக்கும் இடம் துறைமுகம் அன்று; ‘இது பழசு’ என்று சொல்லும் வாய்.

பெட்டியை மூடும்பொழுது பையன் கேட்டான்: “மாமா, இத்தனையும் மாற்றிவிட்டோம். இது அதே கணினிதானா?”

கிரேக்கர்களைப் பல நூற்றாண்டுகள் வாட்டிய வினா அது. தீசியசு என்னும் வீரனின் கப்பலை ஏதென்சு நகரத்தார் பாதுகாத்து, உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றினர். எல்லாம் மாறிய பின் அது அதே கப்பலா என்று அறிஞர்கள் வாதிட்டதாகப் புளூட்டார்க்கு எழுதியுள்ளார். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கில அறிஞர் தாமசு ஆப்சு மேலும் ஒரு வினாவைச் சேர்த்தார். கழித்த பலகைகளை ஒருவன் சேர்த்து வைத்து அவற்றால் மற்றொரு கப்பல் கட்டினால் எது உண்மையான கப்பல்?

தமிழர்க்கு முதல் வினா அவ்வளவு கடினம் அன்று. நாம் கோயிலுக்குத் திருப்பணி செய்கிறோம். தூண் மாறும், சுதை மாறும், வண்ணம் மாறும். குடமுழுக்கு முடிந்ததும் அதே கோயில் என்றே வணங்குகிறோம். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விரிவாக்கப்பட்டது. அதனை எவரும் புதுப்பள்ளி என்று சொல்லவில்லை. ஒரு பொருளின் ஒருமை அதன் துண்டுகளில் இல்லை. இடையறாத பயனிலும் பேணலிலும் இருக்கிறது. ஆயினும் ஆப்சின் வினா நம்மைக் குத்துகிறது. நாம் புதிய பலகையைப் பார்த்து மகிழ்கிறோம். கழித்த பலகையைக் கணக்கில் கொள்வதில்லை. எனவே பையனிடம், “கழற்றியவற்றுக்கும் ஒரு வேலை கொடுத்தால் இது அதே கணினி” என்றேன். பழைய வன்தட்டு ஓர் உறைக்குள் புகுந்து குடும்பப் படங்களின் காப்பகம் ஆயிற்று. நினைவகத் துண்டு பெரியவரின் கடைக்கே சென்றது; வேறொரு மாணவனுக்கு உதவும் என்றார்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். புதுப்பித்தலும் ஆசைக்கு ஏணிதானே? இன்று நினைவகம், நாளை அட்டை, மறுநாள் செயலி என்று படிப்படியாக ஏறினால் முடிவில் புதுக்கணினியின் விலையைக் கடந்துவிடாதா? மறுப்பு நியாயமானதே. சிறு சிறு செலவு பெருஞ்செலவை மறைக்கும் திரையும் ஆகலாம். அதனால்தான் ‘போதும்’ என்ற சொல்லை வாங்குவதற்கு முன்னரே சொல்லிக்கொள்ள வேண்டும். வாங்கிய பின் சொல்வது களைப்பு. வாங்கும் முன் சொல்வது அறிவு. நாங்கள் எல்லை வகுத்தே கடைக்குச் சென்றோம். அண்ணனும் தம்பியும் வாரத்தில் இரண்டு நாள் தடையின்றி ஆட வேண்டும். வளையல் அசையக் கூடாது. அந்த எல்லைக்குள் நின்றது கணக்கு. காட்சியின் நுட்பத்தைச் சற்றுக் குறைத்து வைத்தபொழுது ஆட்டம் நொடிக்கு 60 படங்கள் என்ற அளவில் சீராக ஓடியது. புல்லின் இழைகள் தெரியவில்லை, பந்து தெரிந்தது, அண்ணன் குரல் அறுபடவில்லை.

எல்லாவற்றையும் என்றென்றும் காக்க இயலும் என்று நான் கூறவில்லை. 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கு அளிக்கப்பட்ட பொதுவான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 இத்தகைய நான்காம் தலைமுறைச் செயலிகளை ஏற்றுக்கொள்வதில்லை. லினக்சை நிறுவினால் படிப்புக்கும் எழுத்துக்கும் உதவும். இணையவழி விளையாட்டுகள் சில அதில் இயங்க மறுக்கும். உறுப்பு தளராதபொழுதே ஒரு பொருளுக்கு முதுமை விதிக்கப்படுகிறது. இதில் வாங்குவோர்க்கு மட்டும் அறம் போதித்தல் முறையாகாது. செய்வோர்க்கும் கடமை உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் கைப்பேசி, சலவை இயந்திரம் முதலான சில பொருள்களைப் பழுதுபார்த்துத் தரும் கடமையை உற்பத்தியாளர்மேல் சுமத்தி 2024இல் சட்டம் இயற்றியது. நம் பகுதியிலும் அத்தகைய சிந்தனை வளர வேண்டும். அதுவரை, பொருள் உழைக்கும் வரை உழைக்க விடுவதும், உழைப்பு முடிந்ததும் உரிய இடத்தில் ஒப்படைப்பதும் நம் கையில் இருக்கின்றன.

மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். பழைய பொருளை வைத்திருப்பது வெட்கம் அன்று. அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாமல் வைத்திருப்பதே குறை. திறந்து பாருங்கள், தடையைக் கண்டறியுங்கள், வலிமையை அளந்து பாருங்கள். ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்வேன். பிள்ளைகளின் ஆசையைக் கண்டிக்கும் முன் அந்த ஆசைக்குள் யாருடைய குரல் இருக்கிறது என்று ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள். நான் கேட்காமல் பேசியவன்.

அண்மையில் என் கைப்பேசி பாதி நாளிலேயே சோர்ந்துவிடத் தொடங்கியது. புதிதாக வந்த ஒன்றின் விளம்பரமும் கண்ணில் பட்டது. சூலியா தெருவழியே நடந்து அதே சந்துக்குச் சென்றேன். பெரியவர் நிமிர்ந்து பார்த்து, “என்ன ஐயா, புதுசு வாங்கலையா?” என்றார். “மின்கலம் மட்டும் மாற்றுங்கள் பாய், அது போதும்” என்றேன்.